நோவாவுக்கு நான் எழுதிய விடைத்தாள்

வேலை ரொம்பச் சின்னது. ஒரு தாளை மிஷன் வீதிக்கு எடுத்துட்டுப் போய், டைப் அடிச்சு, ஏழு பிரதி எடுத்துட்டு வரணும். அவ்வளவுதான்.

தாள் எங்க மாடியில குடியிருந்த மதாம் எஸ்தேருடையது. பிரான்சுலேர்ந்து வந்த யூதப் பெண்மணி. யூதங்க தங்க வேதத்தை வாரத்துக்கு ஒரு பகுதியா பிரிச்சு வெச்சிருக்காங்க. சனிக்கிழமை சனிக்கிழமை நாலு பேர் கூடி அந்த வாரத்துப் பகுதியைப் படிச்சு, கேள்வி கேட்டுப் பேசணும். நம்ம ஊர்ல அந்த நாலு பேருக்கு எங்கே போறது? ஒன்றரை வருஷம் தேடி, ஊருக்கு வந்து தங்கியிருந்த வெள்ளைக்காரங்கள்ல யூதங்களா ஆறு பேரைப் பிடிச்சிருந்தாங்க. நாளைக்கு முதல் கூட்டம்.

"இது சரியா வரலேன்னா நான் பம்பாய்க்கே போயிடறேன். அங்கே எங்க ஆளுங்க இருக்காங்க" என்றார்.

வேற குடித்தனம் வந்தா என்னாகும்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு முன்னாடி மாடியில இருந்தவர் மிருதங்கம் கத்துக்கிட்டிருந்தார். ஆறு வருஷமும் கத்துக்கிட்டேதான் இருந்தார்.

எழுபதுகளோட கடைசி, ஐப்பசி மாசம். உப்பளத்துலேர்ந்து ரிக்‌ஷாவுல கிளம்பும்போதே மழை. டைப் அடிக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தப்போ நானும் அரை நோவா.

அந்த வாரம் நோவா கதைதான்; பிரளயம் வரப் போகுது, கப்பல் கட்டுன்னு கடவுள் சொன்னாரே, அவர். இங்கிலீஷ்ல மூணு கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் கீழே கால் பக்கம் வெறுமனே கிடந்தது.

அங்கேதான் எனக்குச் சனி பிடிச்சது. நான் கன்னியாஸ்திரீகள் கிட்டே படிச்சவ. கேள்விக்குக் கீழே இடம் விட்டா முட்டி போடணும். பாவம், மதாமுக்கு எழுத நேரமில்லைன்னு நானே முடிவு கட்டினேன். டைப் அடிக்கிற ஜெயா கிட்டே, "நான் சொல்லச் சொல்ல அடிம்மா" என்றேன்.

"கேட்டுட்டுச் செய்யலாமேக்கா."

"பைபிள்ல எனக்குத் தெரியாததா? அடி."

நோவாவை 'தன் காலத்தவர்களுக்குள்ளே நீதிமான்' என்று ஏன் சொல்லியிருக்கிறது?

வகுப்பில் மற்ற எல்லோரும் ஃபெயில் என்பதால்.

உலகம் அழியப் போகிறது என்று கடவுள் சொன்னபோது நோவா ஏன் ஒரு வார்த்தையும் பேசவில்லை?

நல்ல பிள்ளைகள் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

நோவாவின் மனைவி பெயர் ஏன் சொல்லப்படவில்லை?

அவளுக்கு வேலை இருந்தது.

ஜெயா கடைசியை அடிச்சுட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா. பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன்.

வீடு திரும்பும்போது பொழுது சாயப் போகுது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே தொடங்குற அவங்க ஓய்வு நாளுக்கு மதாம் மெழுகுவத்தி ஏத்தத் தயாரா நின்னாங்க. "மெர்சி"ன்னு நன்றி சொல்லி, தாள் கட்டைப் பிரிக்காமலே மேசையில வெச்சுட்டாங்க.

மறுநாள் பத்தரை மணிக்கு மாடியிலேர்ந்து குரல். குழம்பை அடுப்புலேர்ந்து இறக்கிட்டு ஓடினேன். ஏழு பேரும் ஆளுக்கொரு தாளோட என்னையே பார்க்கிறாங்க.

"பதிலெல்லாம் யார் எழுதினது?" மதாம் குரல்ல பம்பாய் ரயில் சத்தம் கேட்டது.

"நான்தான். தப்புன்னா அடிச்சுடுங்க, பேனா கொண்டு வரேன்."

"எங்களுக்கு இன்னைக்கு ஓய்வு நாள். எழுத மாட்டோம்."

"அப்போ கீழ்ப்பாதியைக் கிழிச்சுடுங்க."

"கிழிக்கவும் மாட்டோம்."

எழுதக் கூடாது, கிழிக்கக் கூடாது. சூரியன் மறையுற வரைக்கும் என் அறிவை யாராலும் அசைக்க முடியாது.

தாடிக்காரர் ஒருத்தர் கேட்டார். "நல்ல பிள்ளை எதிர்த்துப் பேசாதுன்னு எழுதியிருக்கீங்க. கடவுள் அழிக்கப் பார்த்த சோதோம் ஊருக்காக ஆபிரகாம் கடவுள்கிட்டே பேரம் பேசினாரே, அவர் கெட்ட பிள்ளையா?"

கன்னியாஸ்திரீகள் இதைச் சொல்லித் தரலை. "அவர் வயசானவர்" என்றேன்.

"நோவாவுக்கு அறுநூறு வயசு."

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "சரிங்க, கடவுள்கிட்டே பேசலை. பக்கத்து வீட்டுக்காரன் வந்து, 'தண்ணியில்லாத இடத்துல கப்பல் எதுக்குய்யா'ன்னு கேட்டிருப்பானே? அவன்கிட்டே என்ன சொன்னார்? எதுவும் சொல்லாம முழுக விட்டாரா? அவர் என்ன நீதிமான்?"

நல்லா வாங்கப் போறேன்னு நினைச்சேன். மதாம் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாங்க.

அப்புறம் நடந்தது பேச்சில்லை, மீன் மார்க்கெட். என் முதல் பதில் சரின்னு மூணு பேர், அபத்தம்னு மூணு பேர். ஒரு அம்மா என் மூணாவது பதிலைச் சத்தமா படிச்சு, இதுக்குமேல யாரும் பேசக் கூடாதுன்னாங்க. உடனே எல்லாரும் பேசினாங்க. நானும் கத்தினேன். யார் கட்சியில இருந்தேன்னு இப்போ ஞாபகமில்லை.

ரெண்டு மணிக்கு எங்க வீட்டுக்காரர் மாடிப்படியில தலையை நீட்டினார். "இங்கே என்ன சண்டை?"

"நோவாங்க."

"அவர் மத்தியானம் சாப்பிட்டாரா? நான் இன்னும் சாப்பிடலை."

நான் தலையில அடிச்சுக்கிட்டே மொழிபெயர்த்தேன். தாடிக்காரர் துள்ளி எழுந்தார். அத்தனை மிருகத்துக்கும் ஆளுங்களுக்கும் யார், எப்போ, எப்படிச் சாப்பாடு போட்டாங்க? அருமையான கேள்வியாம். எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு நாற்காலி போட்டாங்க. சோறு போடலை.

அடுத்த வெள்ளிக்கிழமை மதாம் புதுத் தாளோட இறங்கி வந்தாங்க. மறுபடியும் கேள்விக்குக் கீழே கால் பக்கம் காலி.

"இந்தத் தடவை கை வைக்க மாட்டேன் மதாம்."

"ஐயோ, எழுதுங்க. போன வாரம் மாதிரியே அடிச்சுச் சொல்லுங்க. நாங்க ஏழு பேரும் மரியாதைக்காரங்க, சண்டை ஆரம்பிக்க ஆள் வேணும்."

"பம்பாய்?"

"அங்கே உங்களை மாதிரி யார் இருக்கா?"

பத்து வருஷம் சரியான பதில் சொன்னதுக்குக் கான்வென்டுல எனக்குக் கிடைச்சது ஒரு சாமி படம். தப்பா மூணு பதில் சொன்னதுக்கு, மிருதங்கம் வாசிக்காத குடித்தனக்காரி.