ஐஸண்ணன் இன்டவியூவுக்குப் போன கதை

மனேச்சர் வேலைக்கு ஐஸண்ணன் ஆயத்தமானதுபோல் இந்த உலகத்தில் ஒருவரும் தன் கல்யாணத்துக்குக்கூட ஆயத்தமாகியிருக்க மாட்டார்.

சண்டைக் காலம். மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு போர்டிங்கில் நாங்கள் மூன்று இளந்தாரிகள் தங்கிப் படித்துக்கொண்டிருந்தோம். நாலாவது கட்டில் ஐஸண்ணனுடையது. தலை நரைத்த பிரமச்சாரி. மீன்காரருக்கு ஐஸ் கொடுக்கும் ஃபேக்டரியில் ஸ்டோர்கீப்பர். அங்கிருந்த மனேச்சர் கனடாவுக்குப் பறந்துவிட, புது ஆள் எடுக்கக் கொழும்பிலிருந்து முதலாளிமார் வருவதாகச் செய்தி வந்தது. அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று.

முதலில் ஒரு டை வாங்கினார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த ஒருவர் அதற்கு முடிச்சுப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். தளர்த்தினால் முடிச்சுக் குலைந்துவிடும் என்ற பயத்தில் ஐஸண்ணன் அதைக் கழற்றவே இல்லை. இடுப்பில் சாரமும் கழுத்தில் டையுமாகச் சோறு தின்றார். கிணற்றடியில் டையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக் குளித்தார்.

அடுத்தது ஒத்திகை. நாங்கள் முதலாளிமாராக வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் கதவைத் தட்டிவிட்டு வருவார்.

“உங்கட பலவீனம் என்ன?”

“கணவாய்க் கறி, சேர். திண்டா வயிறு ஊதிரும்.”

“வேலையாக்கள் ஸ்ட்ரைக் பண்ணினா என்ன செய்வீங்க?”

“நானும் சேந்திருவன். அவங்க கேக்கிறது ஞாயந்தானே?”

“அண்ணே, நீங்கதான் மனேச்சர்!”

“மனேச்சருக்கு மட்டும் சம்பளம் மாசக் கடைசி வரைக்கும் காணுமாடா?”

இங்கிலீசில் அவர் பாடமாக்கியது ஒரே வசனம்: “குட்மோர்னிங் சேர், ஐ வோன்ட் டு பி யுவர் மனேச்சர்.” அதைப் போர்டிங் கோழிகளுக்கும் சொல்லிப் பார்த்தார்.

இன்டவியூ நாள் விடியும்போது ஆமி ஊரைச் சுற்றிவளைத்திருந்தது. ஆண்கள் எல்லோரும் பாடசாலை மைதானத்துக்கு வரவேண்டுமாம். எங்கள் வயதைக் கண்டதும் லொறிப் பக்கமாக நிறுத்திவிட்டார்கள். அந்த லொறியில் ஏறினவர்களில் பலர் திரும்பி வந்ததில்லை.

ஐஸண்ணனைப் போகலாம் என்று விட்டார்கள். அவர் போகவில்லை. டையை நேராக்கிக்கொண்டு அதிகாரியை நோக்கி நடந்தார். பதற்றத்தில் வசனத்தின் நடுப்பகுதி எங்கோ விழுந்துவிட்டது.

“குட்மோர்னிங் சேர்! மனேச்சர்!”

அதிகாரி டையைப் பார்த்தார். “வட் மனேச்சர்?”

“ஐஸ் ஃபேக்டரி, சேர்.” எங்களைக் காட்டினார். “மை ஸ்டாஃப். தே நோ கம், நோ ஐஸ். நோ ஐஸ், ஃபிஷ் ஃபினிஷ். யுவர் கேம்ப் ஓல்சோ நோ ஃபிஷ்!”

அதிகாரி கொஞ்ச நேரம் மீனைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். பிறகு போகச் சொல்லிக் கையை அசைத்தார்.

“ஓடாதீங்கடா. மனேச்சரோட போறாக்கள் மாதிரி நடங்க” என்று ஐஸண்ணன் உதடசையாமல் சொன்னார்.

சுற்றிவளைப்பு முடிந்து அவர் ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, கொழும்புப் பாதையை ஆமி மூடிவிடும் என்று முதலாளிமார் கிளம்பிவிட்டார்கள். வேலை அவர்களுடைய மருமகன் ஒருவருக்குப் போயிற்று.

“அண்ணே, எங்களாலதானே...” என்று இழுத்தேன்.

“அத விடு மகனே. அந்த ஆமிக்காரன் ஃபேக்டரிப் பக்கம் வந்து பாத்தானெண்டா என்ன செய்யிற? நாளைக்கு விடிய மூண்டு பேரும் வேலைக்கு வாங்க.”

அந்த மாதம் முழுக்கச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஐஸ் பாளம் சுமந்தோம். தோள் மரத்தது, விரல் மரத்தது. ஐஸண்ணனிடம் லீவு கேட்க மட்டும் எங்கள் ஒருவருக்கும் மனம் வரவில்லை.