பாய்லரை அணைத்த உங்கள் மகளை அழைத்துப் போகவும்

மதிப்பும் மரியாதையும் நிறைந்த பெரிய மச்சானுக்கு,

இங்கே உங்கள் தங்கையும் பிள்ளைகளும் சுகம். அங்கே அக்கா சுகம்தானே? நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

சுற்றுச்சூழல் படிப்பு முடித்த உங்கள் மகளுக்கு எங்கள் துணி ஆலையில் வேலை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வந்த அன்றே புகைபோக்கியில் ஏதோ கருவியை மாட்டிவிட்டு, "மாமா, நம்ம கம்பெனி வருஷத்துக்கு எத்தனை டன் கார்பன் விடுதுன்னு தெரியுமா?" என்றாள். மேலே போகிற புகையை யார் மச்சான் தராசில் வைத்தது? மறுநாள், "நீங்க பார்த்துக்கற ரெண்டாவது பாய்லர் நீராவி எங்கே மாமா போகுது?" என்றாள். சலவைக் கூடத்துக்கு என்றேன். குழாயோடு கூடவே நடந்தோம், சுவரைத் தாண்டினோம், சைக்கிள் கொட்டகையைத் தாண்டினோம், கடைசியில் பார்த்தால் குழாய் புதருக்குள் புஸ்ஸென்று ஊதிக்கொண்டிருக்கிறது, கூடம் இருந்த இடத்தில் மூன்று பூனைகள் கதகதப்பாகத் தூங்குகின்றன. கூடத்தை இடித்து ஒன்பது வருஷம் ஆச்சு. இடிச்சது எனக்கும் தெரியும் மச்சான், ஆனா பாய்லரை அணைக்கச் சொல்லி யாரும் சொல்லலையே, நானா எப்படி அணைக்கிறது?

அணைத்துவிட்டார்கள். கம்பெனி விடுகிற கார்பன் பாதியாகக் குறைந்துவிட்டதாம். முதலாளி கூட்டம் போட்டு, "இப்படி விஷயம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் போதும்" என்று கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள், நானும் தட்டினேன். ஒன்பது வருஷம் ஒருநாள்கூட லீவு போடாமல் வெட்டியாக எரித்தவன் நான் என்பது பாதி தட்டும்போதுதான் உறைத்தது. இப்போது ஒரே பாய்லர், இரண்டு ஃபோர்மேன். மற்றவன் என்னைவிட இளையவன். யாரை வீட்டுக்கு அனுப்புவார்கள்? உங்க தங்கச்சிகிட்ட சொன்னா, "எங்கண்ணன் பொண்ணு கெட்டிக்காரி"ன்னு பூரிச்சுப் போறா. அந்தப் பொண்ணோ என் சாப்பாட்டு டப்பாவில பாதியைத் தின்னுட்டு, "பயப்படாதீங்க மாமா"ங்கறா. அவ மேல கோபப்படறதா பாசப்படறதா, ஒரு மண்ணும் புரியலை. தயவுசெய்து உடனே வந்து அவளை அழைத்துப் போங்கள்.

அக்காவுக்கு வணக்கம், சின்னவனுக்கு என் ஆசிகள்.

இப்படிக்குக் குழப்பத்துடன்,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டும்போது முதலாளி கூப்பிட்டார். உங்கள் மகளைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்களாம். அவள் இடத்துக்கு என் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறாள்: "ஒரு தடவை சொன்னா, மறுபடி சொல்லும்வரை நிறுத்தவே மாட்டார்" என்று! வேலை பிழைத்தது. ஆனால் திங்கட்கிழமை முதல் அந்தக் கருவிக்கு நான்தான் பொறுப்பு. அதில் எங்கே அழுத்துவது என்றே எனக்குத் தெரியாது. மச்சான், மேலே எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன், உடனே வந்து அவளை எங்கேயும் போகவிடாமல் தடுத்து நிறுத்துங்கள்.