ஆற்றில் மிதந்து மீன் எண்ணிய வகையில்

ஸ்டைன்மோ, நார்வே
அக்டோபர் மாதம்

அக்கா மகள் ராக்னாவுக்கு மாமா ஓட்வார் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு என் முழங்கால் நீங்கலாக அனைவரும் சௌக்கியம். உன் வீட்டில் முழங்கால் உட்பட எல்லாம் சௌக்கியமாக இருக்கட்டும்.

அம்மா, இப்போதுதான் மூச்சே வந்தது. இரண்டு கோடையாக ஆற்றைத் தூண்டிலுக்கு மூடிவைத்ததால் நீயும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சினைச் சால்மன் மீன் குறைந்தது நூறு தேறினால்தான் திறப்போம் என்று ஆற்றுச் சங்கத் தலைவி குன்வோர் ஒரே பிடிவாதம். எண்ணுவதென்றால் கரையில் நின்றல்ல. ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு, குப்புற மிதந்து, நீரோட்டத்தோடு போய் எண்ண வேண்டும். இடப்பக்கம் சங்கத்துப் பையன் ஹால்வர், வலப்பக்கம் நான். என்னைக் கண்டதும் மீன்கள் வரிசைகட்டி நின்றன. படகு நீளத்தில் ஒன்று மரியாதையாகத் தலையசைத்தது. என் பக்கத்தில் மட்டும் இருநூறு!

கரையேறியதும் குன்வோர் கேட்டாள்: "ஓட்வார் அண்ணே, உங்களத் தாண்டிப் பின்னால போனத எண்ணினீங்களா, முன்னால ஓடினத எண்ணினீங்களா?"

"முன்னாலதான். முதுகுலயா எனக்குக் கண்ணு?"

"அடப் பாவி மனுஷா! நீங்க வெரட்ட வெரட்ட அதே மீனுதானே முன்னால ஓடும்!"

"விடுங்கக்கா," என்றான் ஹால்வர். "அதுங்களே மூச்சு வாங்கிக் கெடக்கும்."

என் கணக்கு மொத்தமும் செல்லாதென்று அடித்துவிட்டாள். அடுத்த கோடையும் நீ வரமாட்டாய் என்று நினைத்தபோது, ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற எனக்கு வியர்த்தது. கெஞ்சி, மறுநாள் மறுபடி குதித்தேன். என்னைத் தாண்டிப் போனவை மட்டும். பயத்தில் ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. ஹால்வர் கணக்கோடு சேர்த்து நூற்றுநான்கு! குன்வோர் இரண்டு முறை கூட்டிப் பார்த்து, "தேறிருச்சு அண்ணே" என்றாள். நான் கூழாங்கல்லிலேயே மல்லாந்துவிட்டேன். கண்ணில் வந்தது ஆற்றுத் தண்ணீர்தான்.

ஆக, ஆற்றைக் காப்பாற்றியவன் உன் மாமன். ஜூனில் மாப்பிள்ளையோடு கட்டாயம் வா. கதவு அகலத்துக்கு ஒரு சால்மன் பிடித்து, புகைபோட்டுத் தருகிறேன். மாப்பிள்ளைக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் என் வணக்கம். நீ நூறாண்டு வாழ்க.

உன் மாமா
ஓட்வார்

பின்குறிப்பு: காபி குடிக்க வந்த குன்வோர் என் தோளுக்கு மேலாக இதைப் படித்துவிட்டாள். ஆறு திறப்பது நிஜமாம். ஆனால் பிடிக்கிற சால்மனையெல்லாம் உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டுமாம். இதென்ன அநியாயம் என்றேன். "ஒங்களுக்கென்ன அண்ணே கஷ்டம்? இத்தன வருஷமா ஒங்க தூண்டில்ல ஒண்ணாவது கரைக்கு வந்திருக்கா?" என்கிறாள். நீ வரும்போது கடையில் மீன் வாங்கி வந்துவிடு.