தங்கமீனுக்கு வார்த்த அம்மை

என்ன ஆனாலும் சரி, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போவதில்லை என்று தேவநாதன் தீர்மானம் பண்ணிவிட்டார். மனசுக்குள்தான் பண்ணினார். வாய்விட்டுச் சொல்ல அவருக்கென்ன பைத்தியமா? எதிரே பெண்டாட்டி தையல்நாயகி அல்லவா உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். திண்டிவனத்தில் தையல்நாயகியின் தம்பிக்குப் பரிசம் போடுகிறார்கள். ஞாயிறு சாயங்காலம் நாலு மணி. மூத்த மாப்பிள்ளைதான் தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், அந்த வீட்டு வழக்கம் அப்படி. அதே ஞாயிறு, அதே சாயங்காலம், விழுப்புரம் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நாடகம். அதில் தேவநாதன்தான் ராஜா. பார்சல் ஆபீசில் பதினோரு வருஷமாக மூட்டைக்கு லேபிள் ஒட்டின மனுஷன் தலையில் கிரீடம் ஏறப்போகிறது. கிரீடமா, தட்டா என்று கேட்டால் எந்த ஆண்பிள்ளை தட்டைத் தொடுவான்?

நாடகம் என்று உண்மையைச் சொன்னால் தொலைந்தது. போன வருஷம் மச்சினி வளைகாப்புக்கு ‘இன்ஸ்பெக்‌ஷன்’ என்று சொல்லி நழுவினார். அன்றைக்குப் பூராவும் அவர் சீட்டாடியது பின்னால் தெரிந்து, சொந்தக்காரர் முன்னால் தையல்நாயகி தலை நிமிர முடியாமல் போயிற்று. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் இந்தத் தடவை யாரும் வாய் திறக்க முடியாத காரணமாக இருக்க வேண்டும். அப்படி ஒரு காரணம் கூடத்திலேயே நீந்திக்கொண்டிருந்தது.

இஞ்சினீயர் துரை கோடைக்கு மலைக்குப் போகும்போது தம் கண்ணாடித் தொட்டியையும் அதிலிருந்த நாலு தங்கமீனையும் தேவநாதன் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். கூடவே மீன் வியாதிகளைப் பற்றி ஒரு சின்ன இங்கிலீஷ் புஸ்தகம். ஒரு மீன் செத்தாலும் ராமேஸ்வரத்துக்கு மாற்றல் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். துரைமார் சிரிப்பை நம்ப முடியுமா?

நாடகத்துக்கு எட்டு நாள் இருக்கும்போதே, சனிக்கிழமை காலையில் முதல் வியாதி கண்டுபிடிக்கப்பட்டது.

“தையலு, இங்க வா. நாலும் மேலுக்கு வந்து வாயை வாயைத் தொறக்குது. நெஞ்சுக் கோளாறு. நான் ஒரு வாரத்துக்கு எங்கியும் நகர முடியாது.”

அவள் வந்து குனிந்து பார்த்தாள். தண்ணீரில் ஒரு விரலை விட்டு முகர்ந்தாள்.

“தண்ணி மாத்தி எத்தினி நாள் ஆச்சு?”

“அது ஆச்சு ஒரு எட்டு நாள்.”

“அழுக்குத் தண்ணியில மூச்சு முட்டுது. நீங்களும்தான் வாயைத் தொறப்பீங்க. பாதித் தண்ணிய மொண்டு ஊத்திட்டு, நேத்து எடுத்து வெச்ச தண்ணிய ஊத்துங்க.”

ஊற்றினார். பாழாய்ப்போன மீன்கள் பத்தே நிமிஷத்தில் குஷியாகிவிட்டன.

திங்கட்கிழமை பெரிய மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. தேவநாதன் புஸ்தகத்தைப் புரட்டி, “நீந்துற பை கெட்டுப்போச்சு, பொழைக்கிறது கஷ்டம்” என்று துள்ளாத குறையாகச் சொன்னார்.

“பொரி எவ்ளோ போட்டீங்க?”

“ஒரு பிடி.”

“இத்தினூண்டு வயித்துக்கு ஒரு பிடியா? இன்னிக்குப் பட்டினி போடுங்க, நிமிர்ந்துக்கும்.”

நிமிர்ந்துகொண்டது. அவள் அப்பா திண்டிவனம் பக்கம் ஏரிமீன் குத்தகை எடுத்தவர் என்பதைப் பெண் பார்க்கப் போனபோதே யோசித்திருக்க வேண்டும். இப்போது யோசித்து என்ன பிரயோசனம்?

செவ்வாய்க்கிழமை விடிந்தது. தேவநாதன் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தொட்டியோடு தொட்டியாக ஒட்டிக்கொண்டார். ஏதாவது இருக்க வேண்டுமே, தெய்வமே ஏதாவது இருக்க வேண்டுமே என்று தேடினார். இருந்தது. ஒரு மீனின் செவுள் மூடியில் ரவையைத் தூவினாற்போல் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. முன் துடுப்பிலும் வரிசையாகப் பொட்டு. இன்னொரு மீனுக்கும் அதேபோல். புஸ்தகத்தைப் பிரித்தார். வெள்ளைப்பொட்டு வியாதி, மகா கொடியது, ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் ஒட்டும் என்று போட்டிருந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்தில் மீனை எடுத்து முத்தம் கொடுத்திருப்பார்.

“தையலு, மோசம் போச்சு. மீனுக்கு அம்மை வாத்திருக்கு.”

அவள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, “அம்மைதானா?” என்றாள்.

“சந்தேகமே வாணாம். இங்க பாரு, புஸ்தகத்துல படமே போட்டுக்கீது. இந்த நெலமையில வூட்ல ஒரு ஆள் இருந்தே ஆவணும். நீ மட்டும் ஞாயித்துக்கெழமை ஜல்தியா போய்ட்டு வந்துடு. நான் கெடந்து இதைப் பாத்துக்கிறேன். என் தலையெழுத்து.”

தையல்நாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “நீங்க அம்மைன்னு வாயால சொன்னதுக்கப்புறம் நான் எப்படிங்க வாசப்படி தாண்டுவேன்? நானும் போவல. நீங்களும் போவக்கூடாது. தண்ணி ஊத்துற வரைக்கும் இந்த வூட்ட விட்டு யாரும் வெளிய போவக்கூடாது.”

“யாருமா?”

“யாரும்.”

“மீனுக்குத்தானே தையலு?”

“அம்மாவுக்கு மீன் வேற மனுசன் வேறயா? தப்பாப் பேசாதீங்க.”

அரை மணி நேரத்தில் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அடுப்பில் தாளிப்பு நின்றது. கேப்பைக் கூழும் மோரும்தான் என்றாள். சவரம் பண்ணக்கூடாது என்றாள். வாய்விட்டுப் பாடக்கூடாது என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவரை ஏன் அப்படிப் பார்த்தாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் ஒத்திகைக்குக் கூப்பிட டிக்கெட் குமாஸ்தா சவுரிராயன் வந்தார். நாடகத்துக்கு வாத்தியாரும் அவர்தான். வேப்பிலையைப் பார்த்ததும் தெருவிலேயே நின்று, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இன்னாம்மா இது?”

“வூட்ல அம்மை வாத்திருக்குண்ணே,” என்றாள் தையல்நாயகி.

“அடடா. தேவநாதனைத் தண்ணி ஊத்துற வரைக்கும் ஆபீஸ் பக்கம் வர வாணாம்னு சொல்லும்மா. ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். பத்து நாள் ரஜா.”

உள்ளேயிருந்து தேவநாதன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “சவுரி, எனக்கு ஒண்ணுமில்லப்பா, நான் வர்றேன்” என்று கத்தினார். அம்மை யாருக்கு என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே விழுங்கிக்கொண்டார். மீனுக்கு அம்மை என்று சொன்னால் விழுப்புரம் ஜங்ஷனே சிரிக்காதா? துரை காதுக்குப் போனால் ராமேஸ்வரம் அல்லவா? அதற்குள் சவுரிராயன் தெருமுனை தாண்டிவிட்டார்.

புதன் போயிற்று. வியாழன் அவருக்கு முகத்தில் முள் முள்ளாக வளர்ந்தது. “தையலு, பொட்டு கொறைஞ்சாப்ல இருக்குது, பாரேன்” என்றார். “கூடித்தான் இருக்குது” என்றாள். “இது அம்மை இல்லியாம், வேற எதோ சீக்குன்னு புஸ்தகத்துல போட்டுக்கீது” என்றார். “அம்மாவைச் சீக்குன்னா சொல்றீங்க, முதல்ல கன்னத்துல போட்டுக்குங்க” என்றாள். போட்டுக்கொண்டார். ராஜா வசனத்தைச் சமையல்கட்டு ஓரமாக முணுமுணுத்துப் பார்த்தார். கூழ் குடித்த வாய்க்கு வீரம் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தெருவில் சவுரிராயன் குரல் கேட்டது. மூக்கிலிருந்து துண்டை எடுக்காமலே சொன்னார்:

“தேவநாதா, கவலைப்படாத. நம்ம ராஜாமணி ராஜா வேஷம் கட்டிக்கிறான். உன் கிரீடம் அவன் தலைக்கு அளவெடுத்தாப்ல இருக்குது.”

ராஜாமணியா? ரெண்டு மாசமாக ஈட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற சேவகன் ராஜாமணியா? தேவநாதன் தொட்டி பக்கத்திலேயே சப்பென்று உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. மீசையைத் தடவி அடக்கிக்கொண்டார்.

சவுரிராயன் தலை மறைந்தது. தையல்நாயகி வாசலுக்குப் போய் வேப்பிலையை அவிழ்த்தாள். அடுப்பில் கடுகு வெடித்தது.

“ஏங்க, இங்க வந்து பாருங்க. மீனுக்குச் சரியாயிடுச்சு.”

“பொட்டு அப்படியே கீதே.”

“அது இருக்கட்டும். சீக்கா இருந்தா முதுகு, வாலு எல்லாத்துலயும் எறைஞ்சு கெடக்கும். கல்லுல போய் ஒடம்பத் தேய்ச்சிக்கும், தீனி எடுக்காது. இது செவுள்லயும் முன் துடுப்புலயும் மட்டும்தான இருக்குது? தீனி போட்டா அடிச்சிக்கினு தின்னுது. இது ஆம்பளை மீனுக்குச் சினைக்காலத்துல வர்ற பொட்டுங்க. ஏரிக் கெண்டைக்கும் இப்படித்தான் வரும். அந்தப் பாசியப் பாருங்க.”

பார்த்தார். பாசி முழுக்கக் கசகசா ஒட்டினாற்போல் முட்டை.

“பெத்ததுங்களே தின்னுடும், பாசிய வேற குண்டானுக்கு மாத்தணும். துரை வந்து பாத்தா உங்களுக்குப் பேரு. பக்கத்து வூட்டு அஞ்சம்மாள் ரெண்டு நாளைக்குப் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டா.”

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

“இப்பத்தாங்க பாத்தேன்,” என்றாள் அவள், குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. “சவரம் பண்ணிக்கினு வாங்க. காலைல முதல் வண்டிக்குப் போவணும்.”

அவர் சவரம் பண்ணிக்கொண்டார். கிரீடம்தான் போயிற்று, தாளிப்பாவது திரும்பி வந்ததே.

ஞாயிறு சாயங்காலம் திண்டிவனத்தில் கூடம் நிறைய ஜனம். தேவநாதன் பட்டுக்கரை வேட்டியோடு முன்னால் நின்றார். தையல்நாயகி பெண்டுகள் நடுவில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்ததும் அவருக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. போகட்டும், ராஜாமணி நாலு நிமிஷம் ராஜாவாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெரியமனசு பண்ணினார்.

மாமனார் தட்டை நீட்டினார். வெற்றிலைக்கும் மஞ்சளுக்கும் நடுவே, லக்கினம் குறித்த காகிதத்தோடு சேர்ந்து ஒரு போஸ்ட் கார்டும் மாட்டிக்கொண்டு வந்திருந்தது. தையல்நாயகியின் கையெழுத்து. விழுப்புரம் தபால் முத்திரையில் தேதி போன செவ்வாய்க்கிழமை.

‘அப்பாவுக்கு, தையல் எழுதியது. மீனுக்கு ஒண்ணும் இல்லை, சினைதான். உங்க மாப்பிள்ளைக்குத்தான் ராஜா வேஷம் கட்டுற சீக்கு வந்திருக்கிறது, தூக்கத்தில்கூட வசனம் பேசுகிறார். ஒரு வாரம் கூழ் ஊத்தி வீட்டோடு வைத்திருந்தால் தெளிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டிக்கு ரெண்டு பேரும் வருகிறோம்.’

தேவநாதன் தட்டை வாங்கிக்கொண்டே கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டார். மாமனார் அந்தக் கார்டை மெதுவாக எடுத்து மடியில் செருகிக்கொண்டு, சபை முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரித்தார்.

“இப்ப ஒடம்பு தேவலைங்களா, மாப்பிள்ளை?”