அஹுன்ட்சிக்கில் ஒரு சூறாவளிச் சந்து

அஹுன்ட்சிக் பகுதியில் பெண் பார்க்கப் போன வீட்டிலிருந்து வெறுங்காலுடன் நடந்துகொண்டிருந்தேன். சப்பாத்து அவர்கள் வாசலிலேயே கிடந்தது. திரும்பிப் போய் எடுக்க எனக்கு முகமில்லை.

எல்லாம் என் வாயால் வந்தது. பெண்ணின் பெயர் செல்வி. அவளுடைய அப்பா, டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் மேற்பார்வையாளர். "தம்பி எங்க வேலை?" என்றார். வேலை இல்லை. படிப்போ ஒன்பதாம் வகுப்போடு சரி. ஆகவே அமெரிக்காவில் அலைந்த கதையை எடுத்தேன்.

"அங்கிள், அங்க நடுச் சமவெளிக்கு 'சூறாவளிச் சந்து' எண்டு பட்டப்பெயர். சுழல்காற்று அடிக்கடி வாற இடம். தெற்குப் பக்கம் 'டிக்சி சந்து'. ரெண்டிலயும் இருந்தனான்."

(இருந்ததாவது! பேருந்தில் கடந்தேன். அதுவும் நித்திரையில்.)

அந்த நேரம் பார்த்து எல்லோருடைய தொலைபேசிகளும் ஒன்றாக அலறின. சுழல்காற்று எச்சரிக்கை! வீடு முழுக்க என்னைத்தான் பார்த்தது.

"யன்னல் இல்லாத அறைக்குள்ள ஓடுங்கோ!" என்று கத்தி, பதினைந்து பேரையும் குளியலறைக்குள் அடுக்கினேன். செல்வியின் அம்மாவைத் தொட்டிக்குள் இருத்தி, தலைக்கு மேல் மெத்தையைப் பிடித்தேன். காற்று ஒருதரம் சீறியது. பிறகு அமைதி.

"முடிஞ்சுதோ, தம்பி?" என்றார் அப்பா.

"அசையாதேங்கோ! இது சூறாவளியின்ர கண். மற்றப் பாதி எதிர்ப்பக்கத்தால வரும்!"

திருகோணமலையில் சிறுவயதில் கற்ற பாடம் அது. காற்று ஓய்ந்துவிட்டதென்று வெளியே போனவர்கள்தான் அடிபட்டார்கள். எங்கள் கூரையும் அந்த இரண்டாம் பாதியில்தான் போனது. (பின்னர் யுத்தத்தில் வீடும் போனதால், கூரையைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை.) கடலில் இருந்து வரும் சூறாவளி வேறு, இந்தச் சுழல்காற்று வேறு, இது அப்படி நின்று திரும்பி அடிக்காது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

ஒரு மணித்தியாலம் எல்லோரும் அவிந்தோம். கடைசியில் செல்வி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரர் பின்வளவில இறைச்சி சுடுறார். அவருக்கும் சொல்லுவமோ, இது கண் எண்டு?"

சிரிப்பு வெடித்ததில் மெத்தை என் கையிலிருந்து நழுவிக் குழாயைத் திறந்துவிட்டது. செல்வியின் அம்மாவுடைய பட்டுச்சேலை தொப்பலாக நனைந்தது. ஓடினேன்.

தெருமுனையில் ஒரு கார் என் பக்கத்தில் வந்து நின்றது. செல்வியின் அப்பா. மடியில் என் சப்பாத்து.

"பதினைஞ்சு பேரைக் குளியலறைக்குள்ள அடுக்கின உமக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்க ஏலாதோ? விடிய டோர்வலுக்கு வாரும். கலியாணக் கதை பேந்து."

இன்றும் எங்கள் வீட்டில் குளியலறைக் கதவைத் தட்டும்போது, "சந்துக்குள்ள ஆர்?" என்றுதான் செல்வி கேட்பாள்.

அந்தக் கூத்துக்கு மறுநாள் காலை தலைக்கு வலைத்தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்கு நின்றேன். நான் முதன்முதலாகத் தட்டு அடுக்கியது டெக்சாஸ் போகும் விமானத்துக்கு.

"உம்மட சந்துக்குத்தான் போகுது," என்றார் மாமா, அதாவது செல்வியின் அப்பா. "ஆருக்கும் ஏதும் சொல்லிவிட வேணுமோ?"