எல்லா டீமுக்கும் தலையாட்டிய கிரவுண்டு நிர்வாகி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக வரும். வாக்கியம் எங்கேயோ கிளம்பி எங்கேயோ போய் நிற்கும். மறதியும் உண்டு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, 'யார் வீட்டிலோ தீயுது பாவம்' என்று வருத்தப்படுகிற ஆள் நான். ஆனால் இந்தக் கதையை என் மகள் ஒரு மாதிரி சொல்கிறாள், என் வீட்டுக்காரர் ஒரு மாதிரி சொல்கிறார், டீக்கடை மாணிக்கம் சொல்லும்போது எனக்குப் பைத்தியம் என்றே முடிகிறது. ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஒரு வியாதி. யாருக்கும் 'இல்லை' சொல்ல வராது. எங்கள் பக்கத்தில் பொதுவாகவே அந்தச் சொல்லைக் கூச்சத்தோடுதான் தொடுவோம். அரிசி தீர்ந்துபோனால் 'நிறைஞ்சிருக்கு' என்போம். விளக்கு வைத்த நேரத்தில் 'இல்லை' என்றால் வீட்டு லட்சுமி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று என் அம்மா சொல்லுவாள். மற்றவர்கள் இதை அரிசியோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் நிறுத்தவில்லை. வண்டியில் பாத்திரம் விற்க வருகிறவரிடமும் தலையாட்டி, ரெண்டு பேர் இருக்கிற வீட்டில் மூன்று இட்லிக் குண்டான் சேர்ந்துவிட்டது. பெண் பார்க்க வந்தபோதும் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள், தலையாட்டினேன். (இதற்கு மேல் எழுத மாட்டேன். அவர் இதைப் படிப்பார்.)

எங்கள் வீடு கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலைக்கு ஏறுகிற பாதையில் இருக்கிறது. பின்னால் எங்கள் மானாவாரி நிலம். மார்கழியில் மக்காச்சோளம் அறுத்துவிட்டால் ஆடி வரை சும்மா கிடக்கும். சுற்றுவட்டாரத்துக் கால்பந்து கிளப்புகளுக்கு அதுதான் கிரவுண்டு. யார் எப்போது ஆடுவது என்பதைப் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் மாணிக்கம்தான் முடிவு செய்வார். நிலம் எங்களுடையது, முறை அவருடையது. 'சிங்கக்குட்டி' என்று ஒரு கிளப்பும் அவருக்கு இருந்தது. (அந்தக் குட்டிகளில் பாதிப் பேருக்குத் தொப்பை.) நல்ல நாள் எல்லாம் சிங்கக்குட்டிக்குப் போகும். மிச்சம் மீதி மற்றவர்களுக்கு.

என் மகள் மலர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நன்றாகப் பந்து ஆடுவாள். ஆனால் சொந்த நிலத்தில் அவளுக்கு ஒரு நாளும் முறை வந்ததில்லை. இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். மலை மேலே ஒரு ஊரில் பெண்பிள்ளைகள் சேர்ந்து கால்பந்து டீம் வைத்திருக்கிறார்கள் என்றும், கிரவுண்டு கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள் என்றும் கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு லீவில் வந்தவள் பின்பக்கச் சுவரில் சாக்கட்டியால் கட்டம் கட்டமாக வரைந்தாள்.

"எல்லா கிளப்புக்கும் ஒரே மேலாண்மைத் தளம்மா. யாரு ஆடறாங்க, எந்த நாளு, யாரு ரெஃப்ரி, எல்லாம் போன்லயே. எவனும் எவன் காலயும் புடிக்க வேணாம்."

எனக்குத் தெரிந்த தளம் எங்கள் மொட்டை மாடிக்குப் போட்டது. அதுவே ஒழுகுகிறது. இருந்தாலும், "ஆமாம்மா" என்றேன்.

மறுநாள் மாணிக்கத்திடம் சொல்லப் போனாள். நானும் துணைக்குப் போய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"ஏம்மா மலரு, இத்தினி வருசமா நான் வாயாலயே நடத்திக்கினு வரேன். ஒரு சண்ட வந்துச்சா?" என்றார் மாணிக்கம், டீயை ஆற்றியபடி.

(வருஷா வருஷம் வந்தது. ஒரு தடவை ஒருவர் மண்டையில் கோல் கம்பு விழுந்தது. அது தானாக விழுந்தது என்பது மாணிக்கத்தின் கட்சி.)

"மலப் பொண்ணுங்க எத்தினி தடவ கேட்டாங்க. ஒரு வாட்டியாவது குடுத்தீங்களாண்ணா?"

"அதுங்க நல்லதுக்குதாம்மா. அம்மாந்தொலவு எறங்கி வந்து, ஆடிட்டு, பஸ்ஸ வுட்டுட்டா யாரு பொறுப்பு? பொம்பளப் புள்ளைங்க. இன்னாக்கா, நான் சொல்றது கரெக்ட்டுதானே?"

"ஆமாங்க," என்றேன்.

மலர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் டீ தானாகவே ஆறிப்போயிருக்கும்.

எப்படியோ ஆப் தயாராகிவிட்டது. இளவட்டங்கள் எல்லாம் சேர்ந்துகொள்ளவே, மாணிக்கமும் வேறு வழியில்லாமல் சிங்கக்குட்டியைச் சேர்த்தார். கிரவுண்டுக்கு ஒரு நிர்வாகி வேண்டுமாம். நிலம் நம்முடையதுதானே என்று மலர் என் பெயரையும் என் போன் நம்பரையும் போட்டாள்.

"யாராவது நாள் கேட்டா மணி அடிக்கும்மா. பச்சய அமுக்குனா ஆம். செவப்ப அமுக்குனா இல்ல. ஒரு நாளைக்கு ஒரே ஒரு மேட்ச்சுதான், ஞாபகம் வெச்சிக்கோ."

"ரெண்டாவது ஆளு கேட்டா அதுவே தடுக்காதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் வாழ்நாளில் கேட்ட நல்ல கேள்விகளில் அது ஒன்று.

"முடிவு மனுசங்கதான்ப்பா எடுக்கணும். மிசினு எடுத்தா அதுக்கும் மாணிக்கம் அண்ணனுக்கும் இன்னா வித்தியாசம்?"

(படித்தவள் பேச்சு. அந்த மனுஷி யார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.)

அவள் சென்னைக்குப் போய்விட்டாள். பொங்கல் நெருங்கியது. முதல் மணி மலைப் பெண்களுடையது. காணும் பொங்கல், காலை. ஆசையோடு பச்சையை அமுக்கினேன். மலரும் அவர்களுக்குப் போன் போட்டு, "இந்த வாட்டி கண்டிப்பா ஆடப் போறீங்க" என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த மணி 'மின்னல்' கிளப். அதுவும் காணும் பொங்கல், அதுவும் காலை. எப்படி வேறு நாளாக இருக்கும்? திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் ஊரில் இருப்பது அந்த ஒரு நாள்தானே. சிவப்பு பட்டனிடம் விரலைக் கொண்டுபோனேன். விளக்கு வைத்த நேரம். அந்த நேரத்தில் வாயாலேயே சொல்லக் கூடாத வார்த்தையை விரலால் சொல்லலாமா? அதிலும் அந்தக் கேப்டனின் அம்மா எனக்குப் பரங்கிக்காய் கொடுத்தவள். பச்சை. அடுத்தது நைனார்பாளையம். அங்கே நாங்கள் சம்பந்தம் செய்திருக்கிறோம். பச்சை. சிங்கக்குட்டி வந்தது. மாணிக்கத்துக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு அவர் கடை வாசலில் எப்படிப் போய்ப் பஸ்ஸுக்கு நிற்பது? பச்சை. வேலை முடிந்து பிள்ளைகள் போனை எடுக்கிற நேரமும் நான் விளக்கேற்றுகிற நேரமும் ஒன்றாகவே இருந்தது என் தப்பா?

மலர் போனில் கேட்டாள்: "ஏழு கிளப் கேட்டிருக்காங்க, ஏழும் பச்சயா காட்டுதும்மா. எந்தெந்த நாளுன்னு பாக்க நேரமில்ல, எல்லாம் சரியா போவுதா?"

"ஆமாம்மா."

பொங்கல் லீவுக்கு மலரும் வந்துவிட்டாள். காணும் பொங்கலன்று காலையில் வாசல் தெளிக்க வந்தேன். ஒரு டெம்போ வந்து நின்றது. பின்னால் ஒரு டிராக்டர். பிறகு பைக்குகள், ஒவ்வொன்றிலும் மூன்று பேர். மஞ்சள் ஜெர்சி, நீல ஜெர்சி, என்ன நிறம் என்று கடைக்காரனுக்கே தெரியாத ஜெர்சி. மலைப் பஸ்ஸிலிருந்து பெண்பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நல்லநாள் ஆனதால் மதியப் பஸ்ஸை விட்டால் மலைக்கு வேறு பஸ் கிடையாது. அதைப் பிடித்தாக வேண்டும், அதற்குள் ஆடியும் ஆக வேண்டும்.

எனக்கு ஆண்பிள்ளைகள் நாலு பேர் நின்றாலே நாக்கு உள்ளே போய்விடும். ஏழு டீமையும் பார்த்ததும் துடைப்பத்தோடு ஓடிப்போய்ச் சோளத்தட்டைப் போருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். சத்தம் மட்டும் கேட்டது.

"யோவ், எங்களுக்குப் பச்ச வந்துகீது."

"எங்களுக்கும்தான்யா வந்துகீது. கண்ணு தெரியுதா?"

"ஏம்மா மலரு, இன்னாம்மா ஆப்பு இது? எங்களுக்கே வெச்சிட்ட ஆப்பா?"

கடைசியாகச் சொன்னது மாணிக்கம். அவர் குரலில் பொங்கலே பொங்கியது. மலர் போனைத் திறந்து தேதிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "நிர்வாகி எங்க?" என்று யாரோ கேட்டார்கள். தாலி கட்டிய புருஷன் பதில் சொன்னார்: "தோ, தட்டப் போரு பின்னால கீறாங்க பாரு."

தலையில் சோளத்தட்டையோடு எழுந்து வந்தேன். கேப்டன்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஆயா, எங்களுக்குப் பச்ச குடுத்தீங்களா இல்லியா?"

"குடுத்தேன்பா."

"அப்போ நாங்கதானே மொதல்ல?"

"ஆமாம்பா."

"ஆயா, நாங்க நைனார்பாளயத்துலேர்ந்து வரோம். தொலவுலேர்ந்து வந்தவங்கதானே மொதல்ல?"

"ஆமாம்பா, பாவம்."

"அம்மா, வாய மூடும்மா!" என்றாள் மலர்.

"ஆமாம்மா," என்றேன்.

மாணிக்கம் புத்திசாலி. நான் எப்படி வேலை செய்கிறேன் என்று பிடித்துவிட்டார். ஒரு கல் மேல் ஏறி நின்றார்.

"தோ பாருங்கபா. ஆப்பு கெட்டுப்போச்சி. அத்த வுடு. நெலம் அக்காவுது, நிர்வாகியும் அக்கா. அக்கா வாயால கடசியா சொல்றதுதான் முடிவு. ஒத்துக்கறீங்களா?"

ஒவ்வொருவரும் தனக்குத்தான் தலையாட்டுவேன் என்ற நம்பிக்கையில் ஒத்துக்கொண்டார்கள்.

"அக்கா, இன்னிக்கு சிங்கக்குட்டிதானே ஆடறாங்க?"

"ஆமாங்க."

கைதட்டல். தொப்பைகள் குனிந்து பூட்ஸ் மாட்ட ஆரம்பித்தன. மலர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர். மலைப் பெண்கள் பையை மறுபடி தோளில் மாட்டினார்கள். ஏமாந்து பழகியவர்கள் சத்தம் போட மாட்டார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் வாயில் அந்த ஒரு சொல் வரவில்லை.

அவர்களுடைய கேப்டன் பவித்ரா மட்டும் என்னிடம் வந்தாள். ஒல்லியான பெண். பணிவாகக் கேட்டாள்.

"ஆயா, சிங்கக்குட்டி ஆடணும்னா எதுத்தாப்பல ஒரு டீமு வேணுமில்ல?"

"ஆமாம்மா."

"அது நாங்கதானே ஆயா?"

"ஆமாம்மா."

"மத்தவங்கல்லாம் ஓரமா குந்திக்கினு பாக்கட்டுமா?"

"ஆமாம்மா. வெயிலு ஜாஸ்தியா கீது, வேப்ப மரத்தடியில குந்தட்டும்."

'மின்னல்' கேப்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனைப் பார்த்து எல்லோரும்.

"இது போங்கு!" என்று மாணிக்கம் கல்லிலிருந்து குதித்தார். "பொம்பளைங்களோட நாங்க இன்னா ஆடறது?"

"நீங்கதானேண்ணா சொன்னீங்க, ஆயா கடசியா சொல்றதுதான் முடிவுன்னு?" என்றாள் பவித்ரா. "வேணும்னா நீங்களே திருப்பி ஒரு வாட்டி கேளுங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் மற்ற கேப்டன்கள் இடம் பிடிக்க மரத்தடிக்கு ஓடிவிட்டார்கள். தாங்கள் ஆடுவதைவிட சிங்கக்குட்டி ஆடுவதைப் பார்ப்பது நல்ல பொங்கல் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. இத்தனை வருஷம் மிச்சம் மீதி நாளில் ஆடியவர்கள் ஆயிற்றே.

ஆட்டத்தைப் பற்றி நான் என்ன எழுத? எனக்குப் பந்தும் தெரியாது, சட்டமும் தெரியாது. தொப்பைகள் முதலில் சிரித்துக்கொண்டே ஓடினார்கள், பிறகு ஓடினார்கள், பிறகு நின்றார்கள். அறுத்த சோளக்கட்டை காலில் குத்துகிறது என்று ஒருவர் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் உட்காரவில்லை. கம்பத்து நடுவே நிற்கிற பெண் பந்தைப் பிடித்தபோதெல்லாம் நான் கோல் என்று நினைத்துக் கைதட்டினேன். மலர் என்னைத் திருத்தவில்லை. அவளும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

பஸ் ஹார்ன் அடித்தபோது ஆட்டம் முடிந்துவிட்டிருந்தது. பெண்கள் அழுக்கு ஜெர்சியோடு ஓடிப்போய் ஏறினார்கள். பவித்ரா ஜன்னல் வழியாகக் கத்தினாள்: "ஆயா, அடுத்த வாட்டியும் நாங்கதானே?"

நான் என்ன சொன்னேன் என்பதற்கு ஏழு டீம் சாட்சி.

மலர் மறுநாளே ஆப்பைத் திருத்திவிட்டாள். இப்போது ஒரு நாளுக்கு ஒருவர் கேட்டுவிட்டால் அடுத்தவருக்கு அந்த நாளே தெரியாது. அதற்குக் கம்பெனி மொழியில் ஏதோ பெயர் இருக்கிறது. கிளப் பிள்ளைகள் அதற்கு 'ஆயா பூட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மலைப் பெண்களுக்கு இப்போது ஒழுங்காக முறை வருகிறது. எங்கள் வீட்டில் யாராவது என்னிடம் சுற்றிவளைத்து எதையாவது கேட்டால், 'பவித்ரா மாதிரி கேக்காத' என்பார்கள். என் வீட்டுக்காரர் கறிக்குழம்பு முதல் கட்டில் மாற்றிப் போடுவது வரை அப்படித்தான் கேட்கிறார். அவருக்கு எல்லாம் கிடைக்கிறது.

ஒன்றே ஒன்று. அன்று பெண்கள் ஜெயித்தது நிச்சயம். எத்தனை கோலில் என்பதுதான் குழப்பம். என் கணக்கில் பிடித்த பந்தெல்லாம் சேர்ந்திருக்கிறது. மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள், திருத்தி எழுதிக்கொள்கிறேன். மாணிக்கத்திடம் மட்டும் கேட்க வேண்டாம். அன்றைக்கு ஊரிலேயே இல்லை, திருநாவலூர் கோயிலுக்குப் போயிருந்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.