கிராஃப் குருவின் இரண்டு ஒயர்கள்

பேய் ஓட்டுகிறவன் தாடியும் கோலுமாய் வந்த காலம் மலையேறிவிட்டது. எங்கள் குடியிருப்புக்கு வந்த மகான் கிராஃப் குரு யுஎஸ்பியில் வந்தார். சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் மடிக்கணினி, மறுபக்கம் இரண்டு ஒயர். தீய சக்தி உள்ளவர் தொட்டால் திரையில் பச்சைக் கோடு துள்ளும்; நல்லவர் தொட்டால் படுத்துக்கொள்ளும். மாடிப்படி நெடுக வரிசை. பட்டதாரிகளும் நின்றார்கள், படிப்பை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு. நானும் நின்றேன், வேடிக்கை பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டு.

மூன்றாம் மாடி வீட்டில் மகனுடைய கடை படுத்துவிட்டது. கடைக்கு எதிரே பெரிய கடை வந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கிராஃப் குருவை அழைத்தார்கள். வரிசையும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றது.

மாமியார் தொட்டார், கோடு படுத்தது. மகன் தொட்டான், படுத்தது. மருமகள் தொட்டாள். கோடு குதியோ குதியென்று குதித்தது.

"பாத்தீங்களா? கருவி பொய் சொல்லாது" என்றார் குரு. "இந்தப் பொண்ணு ஒரு வருஷம் தாய் வீட்டுல இருக்கட்டும். வீட்டுக்கு நான் ஒரு கவசப் பெட்டி தரேன்."

மருமகள் அழவில்லை. ஐந்து வருடம் இந்த வீட்டுக்காக உழைத்தவள், பையை எடுத்து வாசலில் வைத்தாள். கணவன் தரையைப் பார்த்தான்.

அப்போது வேலை முடிந்து வந்தாள் அவள் நாத்தனார். பம்பு ஆலையில் சோதனைப் பிரிவு. திரையைப் பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"இதே மாதிரிப் பெட்டியிலதான் நான் தினம் மோட்டர் அதிர்வை அளக்கறேன். இன்னொரு தடவை காட்டுங்க சார்."

குரு மாமியார் கையில் ஒயரைக் கொடுத்தார். நாத்தனார் அந்தக் கையை விரித்துக் காட்டினாள். உள்ளே இரண்டு முனையும் ஒட்டிக் கிடந்தன. மருமகள் கையிலும் கொடுக்கச் சொன்னாள்; அங்கே ஒரு முனைதான் வந்தது.

"அம்மாவுக்கு ரெண்டு ஒயர். அண்ணிக்கு மட்டும் ஏன் ஒண்ணு?"

"அது... சக்தி கேக்கற முறை."

"அப்ப நீங்க ஒண்ணைத் தொடுங்க."

"நான் தொடக்கூடாதும்மா."

வரிசையிலிருந்து ஒரு குரல்: "தொடுய்யா!"

தொட்டார். மருமகளுக்குக் குதித்ததைவிட ஒரு முழம் கூடுதலாய்க் குதித்தது கோடு.

"என்... என்மேல ஏறிடுச்சு!"

நாத்தனார் போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். மின்விசிறி நின்றது. மடிக்கணினி பேட்டரியில் ஓடியது. குரு ஒயரைப் பிடித்தபடியேதான் இருந்தார். கோடு மட்டும் சுருண்டு படுத்தது.

"பேய்க்கும் கரண்டு வேணுமா சார்? சுவத்துக்குள்ள ஓடற கரண்டோட இரைச்சல் உடம்பு வழியா ஒயருக்கு வருது. ஒத்தை ஒயரை யார் தொட்டாலும் துள்ளும். ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சா அடங்கிடும்."

குரு படியிறங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று மேலேயே தங்கிவிட்டது.

மாமியார் மெல்ல வாயைத் திறந்தார். "பையை உள்ள வைம்மா."

"நீங்களே வைங்க அத்தை" என்றாள் மருமகள். மாமியார் தூக்கி வைத்தார்.

கருவி பொய் சொல்லாது, உண்மைதான். ஒயரில் வந்ததை அப்படியே காட்டும். அதற்கு மூளை கிடையாது. நமக்கு இருக்கிறதே, ஒயரை நம் கையில் வைக்கிறவன் எத்தனை முனையை வைக்கிறான் என்று பார்க்கவா வலிக்கிறது?